டிஜிட்டல் டாஸ்: கண்ணாடிக் கட்டடத்துக்குள் டவர் கொண்டுவரும் பெட்டிகள், வாங்குமுன் ஒரு மதிப்பீடு

வாசலில் செக்யூரிட்டி மேசையருகே நாலு கட்டம் சிக்னல். லிஃப்ட் ஏறி ஏழாவது மாடியில் இறங்கினால் 'நோ சர்வீஸ்'. சென்னை ஓஎம்ஆர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் சூட்டைத் தடுக்கக் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் படலம் ரேடியோ அலையையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. 20 முதல் 30 டெசிபல் வரை அங்கேயே போய்விடும். 20 டெசிபல் போனால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது, 30 போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் லிஃப்ட்டையும் படிக்கட்டையும் சுற்றிய கான்கிரீட் சுவர்.

இதைச் சரிசெய்யும் வேலையைத் தொழிலில் ஐபிஎஸ் என்பார்கள் (இன்-பில்டிங் சொல்யூஷன், காவல்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அந்த ஐபிஎஸ்ஸில் இப்போது விற்பனையாளர்கள் முதலில் நீட்டும் சரக்கு டிஜிட்டல் டாஸ். டாஸ் என்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ஆண்டெனா சிஸ்டம், கட்டடம் முழுக்கச் சின்னச் சின்ன ஆண்டெனாக்களைப் பரப்பி சிக்னலைப் பங்கிடும் ஏற்பாடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம், இரண்டுக்கு மேற்பட்ட ஆபரேட்டர்கள், 5ஜி கட்டாயம் என்றால் இது நல்ல சரக்கு. சின்ன அலுவலகத்துக்கு வீண் செலவு. ஆபரேட்டரின் எழுத்துபூர்வ சம்மதம் கையில் இல்லையென்றால் எந்த அளவு கட்டடத்துக்கும் இது வெறும் பெட்டிதான்.

பழைய முறை என்ன ஆனது

பழைய முறையான பேசிவ் டாஸை வாய்க்கால் பாசனம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழ்த்தளத்து அறையில் ஆபரேட்டரின் ரேடியோ இருக்கும். அதிலிருந்து அரை அங்குல கோஆக்ஸ் கேபிள் மாடிமாடியாக ஏறும். வழியில் ஸ்பிளிட்டர், கப்ளர் வைத்து ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுவார்கள். 64 ஆண்டெனாவுக்குப் பிரித்தால் பிரிப்பிலேயே 18 டெசிபல் போகும். கேபிள் தின்பது தனி. 100 மீட்டர் அரை அங்குல கேபிள் 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல், 1800இல் சுமார் 10, 3500இல் சுமார் 15 தின்னும். கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதைதான்.

900, 1800 காலத்தில் இதைச் சமாளித்தார்கள். சிக்கல் 5ஜியோடு வந்தது. 2022 ஏலத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் (இதைத்தான் பொதுவாக 3500 என்கிறார்கள்) ஆளுக்குக் குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்தன. ஏற்கெனவே கூரைக்கு மேல் கிடக்கும் ஸ்பிளிட்டர், கப்ளர், ஆண்டெனாக்களில் பெரும்பகுதி 698 முதல் 2700 வரைதான் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் கட்டடத்தில் பழைய டாஸ் இருந்தால் ஒரு ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கி, ஸ்பிளிட்டரின் லேபிளைப் படியுங்கள். '2700' என்று முடிந்தால், அந்த வயரிங்கில் 3500 ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் அலை திரும்பி வரும், இழப்பு கணக்கில் அடங்காது.

டிஜிட்டலில் என்ன மாறுகிறது

ஹெட்எண்ட் என்ற மையப் பெட்டி ரேடியோ அலையை எண்களாக மாற்றுகிறது. எண்கள் ஃபைபரிலோ கேட் 6ஏ நெட்வொர்க் கேபிளிலோ போகின்றன. கூரையில் உள்ள ரிமோட் என்ற சின்ன ரேடியோ பெட்டி அதை மறுபடி அலையாக்கி வெளியிடுகிறது. கேபிள் 10 மீட்டரோ 90 மீட்டரோ, ரிமோட்டிலிருந்து வெளிவரும் சக்தி ஒன்றுதான். கடைமடை என்பதே இல்லை. இந்தச் சரக்கின் உண்மையான பலம் இது.

இரண்டாவது பலத்தை விற்பனைக் கையேடுகள் போதுமான அளவு சொல்வதில்லை. எந்த ரிமோட்டுக்கு எந்த செல்லின் (ஆபரேட்டரின் ஒரு சிக்னல் பரவும் எல்லை) சிக்னல் போக வேண்டும் என்பதை மென்பொருளிலேயே மாற்றலாம். முதல் ஆண்டு 12 மாடிக்கும் ஒரே செல் போதும் என்று தொடங்கிவிட்டு, ஆட்கள் நிரம்பியதும் நான்கு மாடிக்கு ஒரு செல் என்று பிரிக்க ஒரு கேபிளைக்கூடத் தொட வேண்டியதில்லை. பேசிவில் இதற்குக் கூரையைப் பிரிக்க வேண்டும்.

சந்தையில் 'டிஜிட்டல் டாஸ்' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கின்றன. அதில்தான் முதல் குழப்பம். ஒன்று, அசல் டாஸ். ஆண்ட்ரூ பெயரில் வரும் ஈரா இந்த வகை. காம்ஸ்கோப்பிடம் இருந்த இந்தத் தொழில் 2025 தொடக்கத்தில் ஆம்ஃபினால் நிறுவனத்தின் கைக்குப் போனது. மையப் பெட்டி, நடுவில் மாடிக்கான விநியோகப் பெட்டி, கடைசியில் சிறிய, நடுத்தர, பெரிய சக்தி ரிமோட்டுகள் என்று அடுக்கு இருக்கும். பல ஆபரேட்டர்களை ஒன்றாக ஓட்டுவதற்கென்றே செய்தது.

இரண்டு, எரிக்சன் 2013இல் அறிவித்த ரேடியோ டாட், ஹுவாவேயின் லாம்ப்சைட் போன்றவை. பார்வைக்கு ஒரே மாதிரி, உள்ளே வேறு. இவை அந்த நிறுவனத்தின் பேஸ்பேண்டின் (ஆபரேட்டரின் சிக்னலை உருவாக்கும் மூளைப் பெட்டி) நீட்சி. உங்கள் ஆபரேட்டர் அந்த நிறுவனத்தின் கருவியை ஓட்டினால்தான் கதை நடக்கும். ஒரே ஆபரேட்டர் போதும், அவரே போட்டுத் தருகிறார் என்றால் இதைவிட நேர்த்தியான தீர்வு இல்லை. மூன்று ஆபரேட்டர் என்றால் ஒரே கூரையில் மூன்று வரிசை டாட்டுகள் தொங்கும் அபாயம் உண்டு.

மூன்று, நெக்ஸ்டிவிட்டியின் செல்ஃபை குவாட்ரா வகை. மொட்டை மாடி ஆண்டெனாவில் வெளி டவரின் சிக்னலைப் பிடித்து, ஈதர்நெட் கேபிளில் உள்ளே அனுப்பி, 100 டெசிபல் வரை பெருக்கித் தரும் ரிப்பீட்டர் இனம். வெளிநாடுகளில் நடுத்தர அலுவலகங்களுக்கு நன்றாக ஓடுகிறது. நம் ஊரில் இதை நீங்களே வாங்கி மாட்ட முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

சக்திக் கணக்கு

விலைப்பட்டியலில் 'ஒரு போர்ட்டுக்கு 20 டிபிஎம்' என்றிருக்கும். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட சக்தி அளவு, 20 என்றால் 100 மில்லிவாட். அது எத்தனை பேருக்குப் பங்கு என்பதுதான் கேள்வி. ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி கேரியரில் (ஆபரேட்டர் ஓட்டும் ஒரு அலைவரிசைத் துண்டு) 1200 துணை அலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 20 − 30.8, அதாவது −10.8 டிபிஎம். 2300 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் திறந்தவெளி இழப்பு சுமார் 66 டெசிபல். நடுவில் இரண்டு செங்கல் சுவருக்கு 20 போடுங்கள், ஆண்டெனா லாபம் 2. கடைசியில் போனில் தெரியும் ஆர்எஸ்ஆர்பி (வந்து சேரும் சிக்னலின் பலம்) சுமார் −95. ஏற்றுக்கொள்ளக்கூடிய எண்.

அதே 20 டிபிஎம்மை நான்கு கேரியர்கள் பங்கு போட்டால் ஆளுக்கு 6 டெசிபல் குறையும். −95 என்பது −101 ஆகிவிடும். மூலை அறையில் அழைப்பு தடுமாறும். 3500இல் 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்குத் துணை அலைகள் 3276. தனியாக ஓடினாலும் அதே இடத்தில் −102க்கும் கீழே போகும், சுவர் இழப்பும் 3500இல் கூடுதல். அதனால் 'பட்டைக்குத் தனி ஆம்ப்ளிஃபயரா, எல்லாவற்றுக்கும் ஒன்றா' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 2300க்குப் போட்ட இடைவெளியிலேயே 3500க்கும் ரிமோட் போட்டுத் தரும் வடிவமைப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கேபிளின் கொள்ளளவும் இப்படித்தான். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, ஒரு ஆண்டெனா வழி என்றால், எண்களாக்கி அனுப்ப சுருக்கம் ஏதும் செய்யாத சிப்ரி (பேஸ்பேண்டுக்கும் ரேடியோவுக்கும் நடுவே எண்களை அனுப்பும் முறை) கணக்கில் நொடிக்கு 1.2288 ஜிகாபிட் வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு 4.9152. அதை இரண்டு ஆண்டெனா வழியாக அனுப்பினால் 9.83. ஆக, '10 ஜி இணைப்பு' என்று பெருமையாக எழுதியிருப்பதை ஒரே ஒரு ஆபரேட்டரின் 5ஜி நிரப்பிவிடும். டாஸ் தயாரிப்பாளர்கள் தரவைச் சுருக்கித்தான் இதைச் சமாளிக்கிறார்கள். சுருக்கத்துக்குப் பின் எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஒரு ரிமோட்டுக்குப் போகும் என்ற எண்ணை டேட்டாஷீட்டில் தேடிப் பாருங்கள். ஜியோ 100, ஏர்டெல் 100, இரண்டும் இரண்டு ஆண்டெனா, அதன்மேல் எல்லாருடைய 4ஜியும் என்று கூட்டி வைத்துக் கேட்டால் பல விற்பனையாளர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

அணையில் தண்ணீர் எங்கே

டாஸ் வாய்க்கால்தான், அணை அல்ல. சிக்னலின் மூலம் ஆபரேட்டரிடம் இருந்து வர வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் ஆபரேட்டர் தன் ரேடியோவைக் கீழ்த்தளத்து அறையில் வைப்பார். அது 20 வாட், 40 வாட் என்று கொட்டும். ஹெட்எண்ட்டோ அதில் மிகச் சிறு பங்கைத்தான் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை அட்டெனுவேட்டர் என்ற சக்தி குறைக்கும் பாகத்தில் சூடாக்கி வீணடிக்க வேண்டும். மூன்று ஆபரேட்டர், நான்கு பட்டை என்றால் அந்த அறை அடுப்படிதான். ஏசி பழுதானால் முதலில் கைவிடுவது இந்த ரேடியோக்கள். ஏசிக்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று பாருங்கள். யுபிஎஸ் ஹெட்எண்ட்டைக் காப்பாற்றும், ஏசியைக் காப்பாற்றாது.

அட்டெனுவேட்டரில் காசு மிச்சம் பிடிப்பது இன்னொரு பொறி. மலிவுச் சரக்கில் பிஐஎம் என்ற கலப்பு இரைச்சல் உண்டாகி அப்லிங்க்கில், அதாவது போனிலிருந்து டவருக்குப் போகும் திசையில், விழும். போனில் கட்டம் நிறைந்திருக்கும், எதிர்முனைக்கு மட்டும் நம் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். −150 டிபிசி (மூல சிக்னலோடு ஒப்பிட்ட டெசிபல்) அல்லது அதற்கும் குறைந்த பிஐஎம் சான்று இல்லாத பாகத்தை ரேடியோவுக்கும் ஹெட்எண்ட்டுக்கும் நடுவே விடாதீர்கள். கனெக்டரை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கையால் இறுக்கியது ஆறு மாதத்தில் தளரும்.

பேஸ்பேண்டிலிருந்து நேரடியாக டிஜிட்டலாகவே ஹெட்எண்ட்டுக்குள் வாங்கும் வசதி சில மாடல்களில் உண்டு. வீண் வெப்பம் மிச்சம். ஆனால் ஆபரேட்டரின் கருவி தயாரிப்பாளரும் டாஸ் தயாரிப்பாளரும் ஒத்துப்போக வேண்டும். 'எதிர்காலத்தில் வரும்' என்று சொல்லும் அம்சத்துக்கு இன்று பணம் கொடுக்க வேண்டாம்.

தாமதமும் டிடிடியும்

எண்களாக்கி, சுருக்கி, விரித்து, மறுபடி அலையாக்க நேரம் பிடிக்கும். ஃபைபரும் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி சேர்க்கும். மொத்தம் 10 மைக்ரோநொடி என்று வையுங்கள். டவரின் கணக்கில் அது 3 கிலோமீட்டர் தூரத்துக்குச் சமம். நெட்வொர்க்குக்கு உங்கள் ஏழாவது மாடி, 3 கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகத் தெரியும். ஆபரேட்டரின் பொறியாளர் செல் ஆரத்தை 1 கிலோமீட்டர் என்று வைத்துவிட்டால், போனில் முழுக் கட்டம் இருந்தும் அழைப்பே போகாது. 'டாஸ் பழுது' என்று வரும் புகார்களில் இது ஒரு நிரந்தர வாடிக்கையாளர். கருவியில் கோளாறு இல்லை, ஒரு அளவுருவை மாற்றினால் சரியாகிவிடும்.

இதைவிடக் கடினமானது, ஒரே செல்லின் சிக்னல் வெளி டவரிலிருந்தும் டாஸிலிருந்தும் ஒரே இடத்தில் சந்திப்பது. 4ஜி தாங்கும் கால வித்தியாசம் 4.7 மைக்ரோநொடி, 3500 பட்டை 5ஜி தாங்குவது 2.3தான். அதற்கு மேல் போனால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். வெளி சிக்னலைப் பிடித்துப் பெருக்கும் முறையில் நுழைவாயிலும் ஜன்னலோரமும் இப்படித்தான் நாசமாகின்றன. கட்டடத்துக்கென்று தனி செல் கேட்டு வாங்குவதே சரி.

2300, 3300 இரண்டும் டிடிடி பட்டைகள். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், முறை வைத்து நடக்கும். ரிமோட் முறை தவறினால் ஆபரேட்டர் கேட்க வேண்டிய நேரத்தில் இது கத்தும். பாதிப்பு உங்கள் கட்டடத்தோடு நிற்காது, பக்கத்துத் தெருவுக்கும் போகும். இந்த முறைக்கான ஒத்திசைவு (சிங்க்) தவறினால் டிடிடி வெளியீடு தானாக அணைய வேண்டும். இதை வாய்மொழியாக ஏற்காமல், ஒப்படைக்கும் நாளில் சிங்க் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அப்லிங்க் இரைச்சலும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ரிமோட்டும் தன் பங்குக்கு இரைச்சலை மேலே அனுப்பும். ஒரே செல்லில் 32 ரிமோட் கூடினால் 15 டெசிபல் உயரும். அந்தக் கூட்டு இரைச்சல் ரேடியோவின் சொந்த இரைச்சலைவிட 10 டெசிபல் கீழே இருக்கும்படி அப்லிங்க் லாபத்தைக் குறைத்து வைத்தால் பாதிப்பு 0.4 டெசிபல்தான். கட்டம் வரவேண்டும் என்று லாபத்தை ஏற்றிவைப்பவர், டவுன்லிங்க்கை (டவரிலிருந்து போனுக்கு வரும் திசை) மட்டும் பார்த்து வேலையை முடிக்கிறார் என்று பொருள்.

கேபிள் வேலை

பழுதுகளில் பெரும்பங்கு பெட்டியில் இல்லை, கேபிளில்தான். கேட் 6ஏ என்று பில் போட்டு கேட் 6 இழுத்தால் 10 ஜி இணைப்பு 55 மீட்டருக்கு மேல் நிற்காது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் இன்னும் மோசம். ரிமோட்டுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை) உச்ச வகையில் இந்த முனையில் 90 வாட் கொடுத்தால் 100 மீட்டரில் அந்த முனைக்கு உறுதி 71.3 வாட்தான், அதுவும் அசல் செம்பில். நகத்தால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சர்டிஃபயர் கருவியின் அறிக்கை வேண்டும். விளக்கு எரிகிறது என்று காட்டும் சின்ன டெஸ்டர் போதாது.

ஃபைபரில் பச்சை மூடி ஏபிசி (சாய்ந்த முனை), நீல மூடி யுபிசி (நேர் முனை). பழைய அனலாக் டாஸ் பச்சை கேட்கும், டிஜிட்டல் பெட்டிகளின் எஸ்எஃப்பி (ஃபைபர் செருகும் சின்ன ஒளிக் கருவி) நீலம் கேட்கும். பழைய பேட்ச் பேனல் பச்சையில் இருக்க, புது நீல வயரை அமுக்கிச் செருகினால் சாய்ந்த முனையும் நேர் முனையும் சரியாகச் சேராமல் ஒளி கசியும், முனையும் கீறும். அன்று வேலை செய்யும், பிறகு விட்டு விட்டு அறுபடும்.

லிஃப்ட்டுக்குள் ரிமோட் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாடி லாபியிலும் கதவைப் பார்த்த மாதிரி ஆண்டெனா வைத்து, எல்லா லாபிகளையும் லிஃப்ட் ஷாஃப்ட்டையும் ஒரே செல்லில் விடுங்கள். கதவு மூடும் இரண்டு நொடிக்குள் செல் மாற வேண்டியிருந்தால் அழைப்பு அறுந்துவிடும். மென்பொருளில் செல்லைப் பிரிப்பவர்கள் மாடிவாரியாக வெட்டி லாபியைக் கெடுப்பது வழக்கம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சுவர் குறைவு. அங்கே பத்து சின்ன ரிமோட்டுக்குப் பதில் ஒரு பெரிய சக்தி ரிமோட்டும் நாலு பேசிவ் ஆண்டெனாவும் மலிவாக முடியும். எல்லாம் டிஜிட்டலாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

ஒப்படைக்கும் நாள்

கட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் மாதிரி செயலியைத் திறந்து ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலையும் குறுக்கீட்டையும்விட சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது), பிசிஐ (செல்லின் அடையாள எண்) மூன்றையும் பாருங்கள். −95க்கு மேல் 95 சதவீத இடத்தில் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த 5 சதவீதம் விடுபடுகிறது என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த 5 சதவீதம் எம்டி அறையாக இருப்பது அபூர்வமில்லை.

மேல் மாடிகளின் நோய் வேறு. பத்தாவது மாடிக்கு மேல் ஜன்னலோரம் நகரத்து டவர்கள் பலவும் நேராகத் தெரியும். ஆர்எஸ்ஆர்பி −85 இருக்கும், எஸ்ஐஎன்ஆர் பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும். கட்டம் நிறைய, பேச்சு குளறும். டாஸின் செல் அங்கே வெளி செல்களைவிடக் குறைந்தது 6 டெசிபல் ஓங்கி நிற்க வேண்டும். அதற்கு ஆண்டெனாவை நடுக்கூரையில் வைக்காமல் ஜன்னல் பக்கம் நகர்த்தி உள்நோக்கித் திருப்புவது பலன் தரும். பிசிஐ எண் டாஸின் எண்ணாக இருக்கிறதா என்று ஜன்னலைச் சுற்றி நடந்து பாருங்கள். சோதனையை ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனித்தனி சிம்மில், வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வைஃபை அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால் டாஸ் செத்திருந்தாலும் சோதனை தேறிவிடும்.

சட்டமும் செலவும்

இந்தியாவில் அனுமதியின்றி மொபைல் பூஸ்டர், ரிப்பீட்டர் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தொலைத்தொடர்புத் துறை இதைப் பலமுறை அறிவித்திருக்கிறது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி மாட்டினால், அப்லிங்க் இரைச்சலைத் தேடி ஆபரேட்டரின் ஆட்கள் திசைகாட்டும் ஆண்டெனாவோடு உங்கள் மொட்டை மாடிக்கே வருவார்கள். சட்டப்படியான வழி, ஆபரேட்டர் மூலமாகவோ அவர்களோடு உடன்பாடுள்ள உள்கட்டமைப்பு நிறுவனம் மூலமாகவோ போவதுதான். 2024இல் டிராய் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு மதிப்பீட்டு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. புதுக் கட்டடம் கட்டுபவர்கள் அறை, கேபிள் பாதை, மின்சாரம் மூன்றையும் வரைபடத்திலேயே ஒதுக்கிவிட்டால் பின்னால் தரையை உடைக்கும் செலவு இல்லை.

5,000 சதுர அடி அலுவலகம் என்றால் டாஸ் பேச்சே வேண்டாம். நல்ல வைஃபை போட்டு எல்லாருடைய போனிலும் வைஃபை அழைப்பை இயக்கிவிட்டால் முக்கால்வாசி புகார் ஓயும். மருத்துவமனை, கல்யாண மண்டபம், மால் ஆகியவற்றுக்கு அது போதாது. வருகிறவர்கள் எல்லாரும் உங்கள் வைஃபையில் சேரப்போவதில்லை.

வாங்குவதாக முடிவானால் ஒப்பந்தத்தில் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் தனி உரிமச் சாவிக்குக் காசா, 3500ஐப் பிறகு திறக்க எவ்வளவு என்று இன்றே விலை. 50 ரிமோட்டுக்குக் குறைந்தது இரண்டு உபரி, விநியோகப் பெட்டி ஒன்று உபரி. பழுதான ரிமோட்டின் எண் அலாரத்தில் தெரிந்தால் போதாது, எந்த மாடியில் எந்தச் சீலிங் பலகைக்கு மேல் என்ற வரைபடம். கடைசியாக, ஹெட்எண்ட்டின் நிர்வாகி கடவுச்சொல் கட்டட நிர்வாகத்தின் கையில். ஆண்டுப் பராமரிப்புக்காரர் மாறும்போது அது அவருடனே போய்விட்டால், ஒரு செல்லைப் பிரிக்கக்கூடத் தயாரிப்பாளரின் ஆளை வரவழைக்க வேண்டியிருக்கும்.